456 அடி: உயரத்துக்காக ரெண்டு கம்பெனிகள் போட்ட சண்டை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு வீடியோவில் இருந்து ஆரம்பிக்கிறேன். நாள் 2025 பிப்ரவரி 28. இடம் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம், ஜாக்சன் என்கிற ஊர். இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில், ஹேர்பின்னைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது. உயரம் 456 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு அடுக்கினாலும் இதைத் தொடாது. வெடிச் சத்தம் கேட்கிறது. கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சில நொடிகள், அப்புறம் தூசி மட்டும்தான்.

அதுதான் கிங்டா கா. 2005-ல் திறந்த நாளில் இருந்து கடைசி வரைக்கும் உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். பட்டம் கையில் இருக்கும்போதே அதை வெடி வைத்து இடித்துவிட்டார்கள். நான் அந்த வீடியோவை ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை போடும்போது பக்கத்தில் இருந்தவர் "என்ன தம்பி, உங்க வீடா?" என்று கேட்டுவிட்டார்.

வீடு இல்லை. ஆனா ஏழாவது படிக்கும்போது எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல ரோலர்கோஸ்டர் டைகூன் விளையாடின யாருக்கும் அந்தப் பேர் தெரியும். கிறிஸ் சாயர் என்கிற மனிதர் அந்த விளையாட்டைக் கிட்டத்தட்ட முழுசா அசெம்பிளி மொழியில் எழுதினார், 1999-ல் வந்தது. அசெம்பிளியில் எழுதுவது என்றால் என்னன்னு காலேஜ் போனதுக்கு அப்புறம்தான் புரிஞ்சது, அன்னைக்கு மனுஷனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போ எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: உயரமா கட்டணும். கட்டினேன். திறந்தேன். ஒருத்தனும் ஏறலை. அந்த விளையாட்டில் ஒவ்வொரு ரைடுக்கும் 'இன்டென்சிட்டி' என்று ஒரு எண் உண்டு, அது அளவைத் தாண்டினால் கூட்டம் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். காசு போச்சு, பூங்கா திவால்.

அதை அப்படியே மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்குக் கதை சீடர் பாயின்ட் பக்கமும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பக்கமும் நடந்தது. சுமார் பதினாறு வருஷம், 1989-ல் இருந்து 2005 வரைக்கும், இவங்க போட்ட சண்டைக்கு அமெரிக்காவில் 'கோஸ்டர் வார்ஸ்' என்றே பேர். போட்டி மட்டும் அதைவிட ரொம்பப் பழசு.

நியூயார்க்கில் கோனி ஐலண்ட் கடற்கரை, 1884. லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' என்று ஒன்றைத் திறக்கிறார். டிக்கெட் 5 சென்ட். வேகம் மணிக்கு சுமார் 10 கி.மீ., அதாவது கிண்டி சிக்னல் பக்கம் ஷேர் ஆட்டோ ஊர்கிற வேகம். படியேறி மேலே போய் உட்கார்ந்தால் வண்டி மேடு பள்ளமாகச் சரிந்து எதிர்முனைக்குப் போகும். அங்கே இறங்கணும், வண்டியை அடுத்த தடத்துக்கு மாற்றுவாங்க, மறுபடி ஏறித் திரும்பி வரணும். இதைப் பார்த்த இன்னொருத்தர் சீக்கிரமே தடத்தைச் சுற்றி வளைத்து, ஏறின இடத்துக்கே வண்டி வந்து சேர்கிற மாதிரி செய்தார். 1885-லேயே பிலிப் ஹிங்கிள் என்பவர் வண்டியைச் செயின் போட்டு மேலே இழுத்தார், படிக்கட்டே வேண்டாம் என்று. ஒரே கடற்கரை, ஒரே கூட்டம், ஒரு வருஷத்துக்குள் மூணு வெர்ஷன். ரோலர் கோஸ்டர் பிறந்ததே பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துத்தான்.

அந்தச் செயின்தான் அடுத்த நூறு வருஷத்துக்கு ராஜா. வண்டியைச் செயின் மேலே இழுக்கும், உச்சியில் விட்டுவிடும், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். எவ்வளவு உயரம் ஏற்றுகிறாயோ அவ்வளவு வேகம். இந்த உயரமும் வேகமும் ஒட்டிப் பிறந்ததுதான் நம்ம கதைக்கு முக்கியம்.

இப்ப 1989-க்குத் தாவுவோம். ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும் ஒரு மணல் திட்டில் சீடர் பாயின்ட் இருக்கிறது. 1870-ல் இருந்து அங்கே ஜனங்கள் பொழுதுபோக்க வந்துகொண்டு இருக்கிறார்கள், அவ்வளவு பழைய இடம். தரை தட்டையா இருக்கும், சுத்தி தண்ணி. அங்கே எதைக் கட்டினாலும் ரொம்ப தூரத்தில் இருந்து தெரியும், கட்டினதே ஒரு விளம்பரப் பலகை. அந்த வருஷம் மே மாதம் மேக்னம் எக்ஸ்எல்-200 திறந்தது. உயரம் 205 அடி, வேகம் மணிக்கு 116 கி.மீ., செலவு 80 லட்சம் டாலர். கட்டினது ஆரோ டைனமிக்ஸ், வடிவமைத்தவர் ரான் டூமர். முழுச் சுற்று வரும் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதல் கோஸ்டர் இதுதான். இந்த உயரத்துக்கு 'ஹைப்பர் கோஸ்டர்' என்று தனி வகையே உண்டாச்சு.

இதில் டூமர் செய்த புதுசு ரொம்ப இல்லை. செயின் அதே செயின், குழாய்த் தண்டவாளமும் ஆரோ பல வருஷமாக செய்துகொண்டு இருந்ததுதான். மாறினது அந்த 200 என்கிற எண். ரேடியோ விளம்பரத்தில் ஒரே மூச்சில் சொல்லிடலாம். மேக்னம் வந்த பிறகு எல்லா பூங்கா முதலாளிகளும் ஒரே பாடத்தைக் கத்துக்கிட்டாங்க: எண்ணுக்குக் கூட்டம் வரும்.

அடுத்த சில வருஷங்களை வேகமா ஓட்டிடறேன். இங்கிலாந்தில் பிளாக்பூல், ஜப்பானில் ஃபுஜி மலை பக்கத்தில் ஃபுஜியாமா, அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் ஒரு சூதாட்ட விடுதி என்று ஒவ்வொருத்தரும் பத்து அடி, இருபது அடி என்று ஏத்திக்கொண்டே போனார்கள். ஏலம் மாதிரி.

ஏலத்தை உடைத்தது காந்தம். 1997-ல் ரெண்டு கோஸ்டர்கள் மணிக்கு 100 மைல், அதாவது 161 கி.மீ. தொட்டன. ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டில் டவர் ஆஃப் டெரர், மார்ச்சில் கலிஃபோர்னியாவில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுன்டனில் சூப்பர்மேன். ரெண்டையும் செய்தது இன்டாமின் என்கிற சுவிஸ் கம்பெனி. செயினே கிடையாது. தரையில் வரிசையாக மின்காந்தங்கள், அவை வண்டியைத் தள்ளும். வண்டி செங்குத்தாக நிற்கும் தண்டவாளத்தில் ஏறி, வேகம் தீர்ந்து, வந்த வழியே பின்னால் விழும். சூப்பர்மேன் கோபுரம் 415 அடி. சூப்பர்மேன் 1996-லேயே திறப்பதாக இருந்தது, தள்ளிப்போச்சு. அதனால்தான் ஆஸ்திரேலியாக்காரன் முந்திக்கொண்டான்.

நம்ம பசங்க சண்டை போடுகிற மாதிரியே அங்கேயும் ஒரு விவாதம். 415 அடி கோபுரம் இருக்கு, சரி. ஆனா வண்டி சுத்தி வரலையே? போன வழியே திரும்பி வந்தா அதைக் கோஸ்டர் கணக்கில் சேர்க்கலாமா? இன்னும் சில பேர், கோபுரத்தின் உயரத்தைச் சொல்லாதே, வண்டி ஏறின உயரத்தைச் சொல்லு என்றார்கள். 'முழுச் சுற்றுக் கோஸ்டர்' என்கிற வார்த்தை இந்தச் சண்டையில்தான் எல்லார் வாயிலும் புகுந்தது. நான் வேலை பார்த்த இடங்களில் 'ஆக்டிவ் யூஸர்' என்றால் யார் என்று மீட்டிங்கில் நடக்கும் சண்டைக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

சீடர் பாயின்ட் 2000 மே 13-ல் பதில் சொன்னது. மில்லேனியம் ஃபோர்ஸ்: 310 அடி, மணிக்கு 150 கி.மீ., 2.5 கோடி டாலர், முழுச் சுற்று, யாரும் வாய் திறக்க முடியாது. செய்தது அதே இன்டாமின். 300 அடிக்கு மேல் என்பதால் 'கீகா கோஸ்டர்' என்று புதுப் பேர். அந்த ரெக்கார்டு சரியாக 80 நாள் நின்றது. ஆகஸ்ட் 1-ல் ஜப்பானில் நகாஷிமா ஸ்பா லேண்ட் என்கிற பூங்கா ஸ்டீல் டிராகன் 2000-ஐத் திறந்தது: 318 அடி. எட்டு அடி அதிகம். எட்டே அடி!

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும். ஏன்னா ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனை. 300 அடிக்குச் செயின் போட்டா செயினோட எடையே பெரிய சுமை. வண்டியை இழுக்கிறதுக்கு முன்னாடி மோட்டார் செயினை இழுக்கணும். ஜப்பானில் இருக்கிறதை வைத்துச் சமாளித்தார்கள்: பாதி உயரம் வரை ஒரு செயின், அங்கே இருந்து உச்சி வரை இன்னொரு செயின். சீடர் பாயின்டில் செயினையே தூக்கிப் போட்டார்கள். லிஃப்டில் வருகிற மாதிரி ஸ்டீல் கேபிள், அதன் நுனியில் ஒரு கொக்கி வண்டி. அது கீழே வந்து பயணிகள் வண்டியைப் பிடித்து, 45 டிகிரி சரிவில் இருபது நொடி சொச்சத்தில் உச்சிக்கு இழுத்துவிடும். நிலநடுக்கம் தாங்கணும் என்பதால் ஸ்டீல் டிராகனுக்கு இரும்பு எக்கச்சக்கம், செலவு மில்லேனியம் ஃபோர்ஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல். நீளம் 2,479 மீட்டர். அந்த நீள ரெக்கார்டு இருபது வருஷத்துக்கு மேல் அதனிடம்தான் இருந்தது. எட்டு அடி உயரத்துக்குப் பேர் கிடைத்தது மூணு வருஷம்தான்.

மூணு வருஷம்தான், ஏன்னா 2003 மே மாதம் டாப் த்ரில் டிராக்ஸ்டர் வந்தது. சீடர் பாயின்ட்தான், இன்டாமின்தான். இங்கே கொஞ்ச நேரம் நிக்கணும். எனக்குப் பிடிச்ச பகுதி இது.

420 அடி. மணிக்கு 193 கி.மீ., அதுவும் நாலு நொடிக்குள். நேர்கோட்டில் பறந்து, செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி, 270 டிகிரி முறுக்கிக்கொண்டு கீழே விழுந்தால் பிரேக். மொத்தம் 17 நொடி விளையாட்டு. இதுக்கும் 2.5 கோடி டாலர்.

நாலு நொடிக்குள் அவ்வளவு சக்தியை எங்கே இருந்து எடுப்பது? கரண்டில் இருந்து நேரடியாக எடுத்தால் ஊர் விளக்கெல்லாம் மங்கும். அதனால் சேமித்து வைக்கணும். இன்டாமின் தேர்ந்தெடுத்த வழி ஹைட்ராலிக். பம்புகள் ஒரு திரவத்தைக் கலன்களுக்குள் தள்ளும், கலனின் மறுபக்கம் நைட்ரஜன் வாயு. வாயு நசுங்கி, கவண் இழுத்து வைத்த மாதிரி காத்திருக்கும். வால்வு திறந்ததும் அந்த அழுத்தம் ஹைட்ராலிக் மோட்டார்களைச் சுற்றும், மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுற்றும், உருளை கேபிளைச் சுருட்டும், கேபிள் நுனியில் இருக்கும் பிடிவண்டி பயணிகள் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும். முதல் தடவை இதைச் செய்தது ஒரு வருஷம் முன்னாடி கலிஃபோர்னியாவில், நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் எக்ஸெலரேட்டர் என்கிற 205 அடிக் கோஸ்டரில். அதாவது 205 அடியில் ஒரு புரோட்டோடைப், அடுத்த வருஷமே 420 அடியில் புரொடக்ஷன். கேட்கும்போதே வயித்தைக் கலக்குதா? எனக்குக் கலக்குது.

ஒரு ரஃப் கணக்கு போடுவோம், ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்தான். மணிக்கு 193 கி.மீ. என்றால் நொடிக்கு 53.6 மீட்டர். உராய்வே இல்லாத உலகத்தில் அந்த வேகத்துக்கு வண்டி சுமார் 146 மீட்டர் ஏறும். கோபுரம் 128 மீட்டர். கையில் மிச்சம் 18 மீட்டர். காற்று, சக்கரம், எல்லாத்துக்கும் இதில் இருந்துதான் கொடுக்கணும். வேகத்தில் 5 கி.மீ. குறைந்தால் ஏழு மீட்டருக்கு மேல் போச்சு. வண்டியில் எவ்வளவு எடை, எதிர்க்காற்றா, சக்கரம் குளிர்ந்து கிடக்கா என்று எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அதனால் முந்தைய ஓட்டங்கள் எப்படிப் போச்சு என்று பார்த்து, அடுத்த தள்ளலுக்கு எவ்வளவு சக்தி என்று கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஏன் மார்ஜினை அதிகமா வைக்கலை? வைத்தால் உச்சியில் வண்டி வேகமாகத் தாண்டிவிடும், சீட்டில் இருந்து ரொம்பத் தூக்கி எறியும். மெதுவாக ஊர்ந்து தாண்டினால்தான் 420 அடியில் ஒரு நொடி தொங்குகிற அந்த உணர்வு. அப்போ எப்போவாவது ஒரு தடவை வண்டி உச்சி வரை போய், நின்று, பின்னாலேயே சறுக்கி வந்துவிடும். இதுக்கு 'ரோல்பேக்' என்று பேர். பயப்பட வேண்டாம், இதையும் யோசித்துத்தான் கட்டினார்கள். வண்டி தாண்டினதும் பாதை நெடுக பிரேக் தகடுகள் மேலே எழும்பி நிற்கும், பின்னால் வரும் வண்டியைக் காந்தம் பிடித்து நிறுத்தும். அதற்கு கரண்டும் வேண்டாம். ரசிகர்கள் ரோல்பேக் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு வரிசையில் நிற்பார்களாம். ஒரு சிஸ்டத்தோட ஃபெயிலியரையே ஜனங்க போனஸா நினைக்கிற மாதிரி டிசைன் பண்ணியிருக்காங்க பாருங்க, அதுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டுவேன்.

ஆனால் முதல் சீசனில் டிராக்ஸ்டர் அடிக்கடி நின்றது. நின்றது, ஓடியது, நின்றது. அந்த வருஷம் அங்கே போனவர்களில் நிறைய பேர் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அதே இன்டாமினிடம் போய், அதே மாதிரி ஒன்று, இன்னும் பெரிதாகக் கொடு என்றது. 2004 செப்டம்பரில் அறிவிப்பு, 2005 மே 21-ல் கிங்டா கா திறப்பு. 456 அடி. மணிக்கு 206 கி.மீ., 3.5 நொடியில். இதுவும் 2.5 கோடி டாலர். பெரிதாக்கினதில் என்ன கிடைத்தது என்று பார்ப்போம். உயரம் 36 அடி அதிகம். வேகம் 13 கி.மீ. அதிகம். ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், காற்றின் எதிர்ப்பும் அப்படியே. அதே ரஃப் கணக்கில் டிராக்ஸ்டர் கோபுரத்தைத் தாண்ட நூற்றுக்கு 12, 13 பங்கு சக்தியை விட்டுக்கொடுக்கிறது என்றால், கிங்டா கா 16, 17 பங்கு.

கூடவே சில மாற்றங்கள். கோபுரத்தில் இருந்து இறங்கியதும் 129 அடியில் ஒரு மேடு சேர்த்தார்கள், கொஞ்சம் தூக்கிப் போடட்டும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் டிராக்ஸ்டரில் தொடை மேல் மட்டும் ஒரு கம்பி, உடம்பின் மேல் பாதி ஃப்ரீ. கிங்டா காவில் தோளுக்கு மேல் இறங்கும் பட்டை. ரெண்டிலும் ஏறினவர்கள் எழுதினதை நான் வருஷக்கணக்கா படிச்சுக்கிட்டு இருக்கேன், திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: அந்தப் பட்டை கழுத்தையும் காதையும் இடிக்குது, வண்டி குலுங்குது, சின்ன டிராக்ஸ்டர்தான் சுகம். 36 அடி கூடுதல் உயரத்தைப் பற்றி அவர்களில் யாரும் பெரிசா எழுதலை. 420-ல் இருந்து பார்த்தாலும் 456-ல் இருந்து பார்த்தாலும் கீழே இருக்கும் மனிதன் எறும்புதான்.

திறந்து மூணு வாரம் கூட ஆகலை. கேபிள் ஓடும் பள்ளத்துக்குள் ஒரு போல்ட் உடைந்தது, கேபிள் சேதமானது, ஜூன் மாதம் நின்ற ரைடு ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கோடை விடுமுறைதான் இவர்களுக்கு நம்ம ஊர் தீபாவளி சீசன். அதில் பாதி போச்சு. 2009-ல் மின்னல் அடித்து மறுபடி சில மாதம் மூடல். சுற்று வட்டாரத்திலேயே உயரமான இரும்பு அதுதானே, மின்னல் வேற எங்கே போகும்.

போன எபிசோடுக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட்டில் ஒருத்தர் கேட்டிருந்தார், "ப்ரோ, கடைசியில யார்தான் ஜெயிச்சாங்க?" என்று. எண்ணை வைத்துப் பார்த்தால் சிக்ஸ் ஃப்ளாக்ஸ், சந்தேகமே இல்லை. ஆனால் 'அம்யூஸ்மென்ட் டுடே' பத்திரிகை வருஷா வருஷம் ரசிகர்களிடம் கேட்டுக் கொடுக்கும் கோல்டன் டிக்கெட் விருதில் சிறந்த ஸ்டீல் கோஸ்டராக மில்லேனியம் ஃபோர்ஸ் பல முறை முதலிடம் வாங்கியது. 80 நாளில் ரெக்கார்டை இழந்த அதே மில்லேனியம் ஃபோர்ஸ். கிங்டா கா ஒரு தடவை கூட வாங்கலை. அதோட பூங்காவிலேயே 2006-ல் எல் டோரோ என்று ஒரு மரக் கோஸ்டர் வந்தது, உயரத்தில் இதன் பாதி கூட இல்லை. ரசிகர்கள் எல் டோரோவுக்குத்தான் டிக்கெட் எடுத்துப் போனார்கள்.

பணத்தில்? 2009 ஜூனில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதுக்குக் காரணம் ஒரே ஒரு கோஸ்டர் இல்லை, பல வருஷமாகப் பூங்கா மேல் பூங்காவாக வாங்கிக் குவித்த கடன். ஆனால் 'நாம்தான் பெரிசு' என்கிற அதே பசி ரெண்டுக்கும் பின்னால் இருந்தது என்பது என் கருத்து. மேக்னம் கட்டிய ஆரோ 2000-களின் ஆரம்பத்திலேயே திவாலாகி இன்னொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சண்டையில் இரு பக்கமும் ஆயுதம் விற்றது இன்டாமின், அது இன்னைக்கும் நல்லா இருக்கு.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. முதல் வேலையில் எங்களுக்கு ஒரு போட்டிக் கம்பெனி இருந்தது. ரெண்டு பேரும் ஒரே வசதியைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அவர்கள் தேதி அறிவித்ததும் எங்கள் தேதியை ரெண்டு வாரம் முன்னால் இழுத்தார்கள். லோட் டெஸ்ட் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன், எனக்கும் முதலில் வரணும்னு ஆசைதான், யாரும் கட்டாயப்படுத்தலை. ரிலீஸ் அன்று கேக் வெட்டினோம். மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் படுத்துவிட்டது. அடுத்த பதினோரு ராத்திரி ஆன்கால். 'இந்தியாவில் முதல் முறையாக' என்ற ஸ்லைடு மட்டும் ஒரு வருஷம் ஓடியது. அந்தப் பதினோரு ராத்திரியில் ஒரு ராத்திரிதான் நான் கிங்டா காவோட போல்ட் கதையைத் தேடிப் படித்தேன். அந்தப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து பார்த்த டெக்னீஷியன் யாரோ, அவரை அன்னைக்கு என் டீம் ஆள் மாதிரி நினைச்சுக்கிட்டேன்.

ஆனா ஒரு வித்தியாசத்தைச் சொல்லாம விடக்கூடாது. எங்க சர்வர் படுத்தால் யாருக்கும் அடிபடாது. ஸ்டீல் டிராகனில் 2003 ஆகஸ்டில் ஓடும் வண்டியில் இருந்து ஒரு சக்கரம் கழன்று, கீழே நீச்சல் குளத்தில் இருந்த ஒருவர் மேல் விழுந்தது. அந்த ரைடு 2006 வரை மூடிக் கிடந்தது. 2021 ஆகஸ்ட் 15-ல் டிராக்ஸ்டர் வண்டியில் இருந்து ஒரு சின்ன உலோகத் தகடு பறந்து, வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் தலையில் பட்டது. படுகாயம். அவர் ரைடில் ஏறக்கூட இல்லை, தன் முறைக்காக நின்றுகொண்டு இருந்தார். ஒஹாயோவில் ரைடுகளை ஆய்வு செய்வது வேளாண் துறை. ஆமா, வேளாண் துறைதான், ஊர்த் திருவிழா ராட்டினங்களில் இருந்து வந்த பழக்கம். சட்டத்தை மீறியதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று அவர்கள் விசாரணை முடிந்தது. டிராக்ஸ்டர் மறுபடி அந்த வடிவத்தில் ஓடவே இல்லை.

கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹைட்ராலிக்கை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தார்கள். இத்தாலியின் ஜாம்பெர்லா கம்பெனி மின்காந்த உந்துதல் போட்டது: வண்டி முன்னால் ஓடி, கோபுரத்தில் பாதி ஏறி, பின்னால் சறுக்கி, பின்பக்கம் புதிதாக நட்ட இன்னொரு செங்குத்துத் தண்டவாளத்தில் ஏறி, மூணாவது தள்ளலில்தான் உச்சியைத் தாண்டும். ஊஞ்சலை மூணு வீச்சில் உயர்த்துகிற மாதிரி. ஒரே நேரத்தில் நாலு நொடிக்குள் எல்லாச் சக்தியும் வேண்டாம், அந்த முழு நைட்ரஜன் கலன் கச்சேரியே வேண்டாம். 2024 மே மாதம் டாப் த்ரில் 2 என்ற பேரில் திறந்து, ஒரு வாரம் சொச்சத்தில் வண்டிகளில் பிரச்சனை என்று மூடி, 2025-ல்தான் மறுபடி ஓடியது.

2024 ஜூலை 1. சிக்ஸ் ஃப்ளாக்ஸும், சீடர் பாயின்டின் தாய்க் கம்பெனியான சீடர் ஃபேரும் ஒரே கம்பெனியாக இணைந்தன. பேர் சிக்ஸ் ஃப்ளாக்ஸ், பங்குச் சந்தையில் குறியீடு மட்டும் சீடர் ஃபேருடைய பழைய 'ஃபன்'. கல்யாணத்தில் ரெண்டு வீட்டுப் பேரையும் பத்திரிகையில் போட்ட மாதிரி. இப்போ ஒரே வீட்டில் ரெண்டு ராட்சதக் கோபுரம். அந்த நவம்பரிலேயே கிங்டா காவை நிரந்தரமாக மூடிவிட்டோம் என்று அறிவித்தார்கள். கடைசி நாள் என்று ரசிகர்களுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை. நவம்பர் 10-ல் ஏறினவர்களுக்கு, தாங்கள்தான் கடைசி என்று அப்புறம்தான் தெரிந்தது. அது சரியில்லைன்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன். பத்தொன்பது வருஷம் நின்னதுக்கு ஒரு வழியனுப்பு கொடுத்திருக்கலாம்.

எண் ஓட்டம் நின்றதா என்றால், இல்லை. அபுதாபியில் 2010-ல் வந்த ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கி.மீ. ஓடியது, உயரம் 52 மீட்டர்தான். தள்ளிவிட இயந்திரம் இருந்தால் வேகத்துக்கு உயரமே வேண்டாம் என்று காட்டியது. இப்போ ரியாத் பக்கத்தில் கித்தியாவில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பேரிலேயே, ஃபால்கன்ஸ் ஃப்ளைட். மணிக்கு 250 கி.மீ., நாலு கி.மீ.க்கு மேல் நீளம், பாலைவனத்தில் ஒரு செங்குத்துப் பாறையே அதன் பாதையில் ஒரு பகுதி. செய்தது யாரு? இன்டாமின்தான்.

சீடர் பாயின்டில் மேக்னமும் இன்னும் ஓடுது. 205 அடி, அதே பழைய செயின் லிஃப்ட். அங்கே போய் வந்த என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தி அனுப்பின ஒரு நிமிஷ ஆடியோவோடதான் இந்த எபிசோடை முடிக்கிறேன். உச்சிக்கு ஏறும்போது அந்தச் செயின் 'கடக் கடக்'னு சத்தம் போடும், இடது பக்கம் ஈரி ஏரி, காத்து மைக்கில் அடிக்குது, பின் சீட்டில் யாரோ ஒரு குழந்தை "இன்னும் எவ்வளவு?"ன்னு இங்கிலீஷ்ல கேக்குது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.